இடது பக்கம் சாயும் தொட்டி

ஸ்ரீரங்கத்தில் ஒரு பெரியவர் தன் மனைவியோடு தன் கட்டிலிலேயே இருக்கப்போகிறாரா, இல்லை ஊருக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்துக்குப் போகப்போகிறாரா என்பது, பாலக்கரையில் என் வீட்டு மொட்டை மாடியில் தொங்கிய ஒரு செடித்தொட்டியைப் பொறுத்திருந்தது. அந்தப் பெரியவரை எனக்குத் தெரியாது. அவருக்கும் என்னைத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். அரியமங்கலத்தில் ஒரு சின்னப் பட்டறையில் பேக்கிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். வெளியூரிலிருந்து இயந்திர பாகங்கள் மரப்பெட்டிகளில் வரும். பெட்டியைப் பிரித்ததும் பலகைகளைச் சுவரோரம் வீசிவிடுவார்கள். மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து, கடைசியில் டீக்கடை அடுப்புக்குப் போகும். ஒருநாள் அதில் கொஞ்சம் பலகையை வீட்டுக்கு எடுத்துவந்து, ஆணிகளைப் பிடுங்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஒரு தொட்டி செய்தேன். அடியில் தண்ணீர் வடிய ஓட்டை. மரத்தில் மண் படாமல் உள்ளே பிளாஸ்டிக் தாள். வெந்தயம் தூவினேன், முளைத்தது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு மனிதர்களிடம் பேச வராது. கடையில் மீதிச் சில்லறை குறைவாகக் கொடுத்தால்கூட வாயைத் திறக்காமல் வந்துவிடுவேன். மரத்திடம் எதுவும் பேச வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு பழைய மரம் எங்கே கிடைக்கும் என்று கண் தேட ஆரம்பித்தது. பாலக்கரையில் இடித்த வீட்டுச் சாமான்கள் விற்கும் ஒரு பாய் கடை உண்டு. கதவு, ஜன்னல், உத்திரம், கைப்பிடி இல்லாத அலமாரி, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்திருக்கும். நான் போனால் ஏதாவது ஒன்றின் முன்னால் நின்றுகொண்டே இருப்பேன். விலை கேட்க மாட்டேன். அவராகவே சொல்லி, நான் பேசாததைப் பார்த்து அவராகவே குறைத்து, "நீங்க வாயத் தொறக்காமயே என்னைக் கடனாளி ஆக்கிடுவீங்கம்மா" என்று சிரிப்பார்.

அந்த ஊஞ்சல் பலகையை அங்கேதான் பார்த்தேன். ஆள் படுத்துக்கொள்ளும் நீளம். நாலு மூலையிலும் வளையம், வளையத்தில் சங்கிலி. சங்கிலிகள் நாலையும் சுருட்டிப் பலகைமேல் வைத்துக் கயிற்றால் இறுக்கக் கட்டியிருந்தது.

"ஸ்ரீரங்கத்துச் சரக்குமா. வீட்டை இடிச்சு பிளாட் கட்டுறாங்க. தட்டிப் பாருங்க, மணி மாதிரி கேக்கும்" என்றார் பாய்.

தட்டினேன். வலது பக்கம் அவர் சொன்ன மாதிரி கணீரென்றது. இடது பக்கம் சத்தமே வரவில்லை. யாரோ உட்கார்ந்திருக்கும் நாற்காலியைத் தட்டினால் வருமே, அந்த மாதிரி அடங்கிப்போன ஒலி. குனிந்து பார்த்தேன். இடது பக்கம் லேசாகக் குழிந்து, கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. வருஷக்கணக்கில் ஒரே ஆள், ஒரே இடத்தில் உட்கார்ந்து தேய்த்த குழி. கையை வைத்தேன். சூடாக இருந்தது. கடைக்குள் வெயில் வராது என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அறுக்க மனம் வரவில்லை. பலகையை அப்படியே அடியாக வைத்து, அதன்மேல் நான்கு பக்கமும் பேக்கிங் பெட்டிப் பலகைகளை அடித்துத் தொட்டி ஆக்கினேன். வடிவதற்கு வரிசையாக ஓட்டை போட்டேன். தேக்கு, தண்ணீர் என்ன செய்துவிடும் என்று பிளாஸ்டிக் தாளை மட்டும் விட்டுவிட்டேன். அதன் சங்கிலியாலேயே மாடித் தகரக் கொட்டகையின் இரும்புக் குழாயில் தொங்கவிட்டோம். தூக்கிப் பிடித்தது என் கணவர். ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். எதையும் அளந்து பார்க்காமல் நம்ப மாட்டார். ஆனால் தொட்டி லேசாக முன்னும் பின்னும் ஆடியதும் சட்டென்று கை வைத்து நிறுத்தினார்.

"ஆளில்லாத ஊஞ்சல ஆட்டக் கூடாதும்பாங்க எங்கம்மா. வீட்டுக்கு ஆகாதாம்."

"இது ஊஞ்சல் இல்லீங்க, தொட்டி" என்றேன்.

"அது உனக்குத் தெரியுது. அதுக்குத் தெரியுமா?" என்று சிரித்துவிட்டுக் கீழே போனார்.

மண்ணும் எருவும் கலந்து நிரப்பி, ஒரு கட்டுப் புதினாவில் தண்டுகளைக் கிள்ளித் தொட்டி முழுக்க நட்டேன். வேலையிலிருந்து வந்து, விளக்கு வைக்கிற நேரத்தில் தண்ணீர் ஊற்றுவேன். முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு சாயங்காலம் பூவாளியோடு நிற்கும்போது, சங்கிலியில் 'கிர்ர்' என்று ஒரு சத்தம். தொட்டியின் இடது பக்கம் மெதுவாக இறங்கியது. அவசரமில்லாமல், வயதானவர்கள் ஒரு கையை ஊன்றி உட்காருவார்களே, அந்த மாதிரி இறங்கி, நின்றது.

கணவரைக் கூப்பிட்டேன். "ஒரு பக்கச் சங்கிலில ஒரு கண்ணி கூட இருக்கும்" என்று டேப்பை எடுத்துவந்தார். நாலும் ஒரே நீளம். ரசமட்டத்தைக் குழாய்மேல் வைத்துப் பார்த்தார். கண்ணாடிக்குள் குமிழி நட்ட நடுவில் நின்றது. கொஞ்சம் மண்ணை இடதுபுறத்திலிருந்து அள்ளி வலதுபுறம் போட்டார். சமமாக நின்றது. "பாத்தியா? தண்ணி ஒரு பக்கமா எறங்கியிருக்கு. அவ்வளவுதான்" என்றார்.

மறுநாள் விளக்கு வைக்கிற நேரம் மறுபடியும் 'கிர்ர்'. மறுபடியும் இடது பக்கம். வலதுபுறம் ஒரு செங்கல்லை வைத்தார். அடுத்த நாள் செங்கல்லோடு சேர்த்து இடது பக்கம் சாய்ந்திருந்தது. அதற்குப் பிறகு அவர் டேப்பை எடுக்கவில்லை. "உன் தொட்டிக்கு வயசாயிடுச்சு, சாஞ்சு உக்காருது" என்று ஒருமுறை கேலி செய்தார். சொல்லிவிட்டு அவரே சிரிக்காமல் செங்கல்லை எடுத்துக் கீழே வைத்தார்.

வலது பக்கம் புதினா காடாக வளர்ந்தது. இடது பக்கம் மட்டும் தண்டுகள் மண்ணோடு மண்ணாகப் படிந்து கிடந்தன. காயவில்லை, அழுகவில்லை, நசுங்கியிருந்தன. அந்த இடத்து மண் வட்டமாக உள்ளே அமுங்கியிருந்தது. கிளறிவிட்டால் மறுநாள் மறுபடியும் அமுங்கும். மாடிக்கு வரும் காக்கைகள் தொட்டியின் வலது ஓரத்தில்தான் உட்காரும். ஒன்றுகூட இடது பக்கம் போய் நான் பார்த்ததில்லை.

எனக்குப் பயமாக இருந்தது. யாரோ ஒருவர் செத்துப்போயும் தன் இடத்தை விட்டுப் போகாமல் இருக்கிறார், அவர்மேல் நான் மண்ணைக் கொட்டி வைத்திருக்கிறேன் என்று தோன்றியது. கழற்றித் தூக்கிப் போடலாம். ஆனால் ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது இருக்கையை எப்படிப் பிடுங்குவது? பலகையை விற்ற வீட்டுக்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, வேண்டுமென்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று பாய் கடைக்குப் போனேன். வழக்கம்போல் நின்றேன்.

"என்னம்மா, பலகைல பூச்சியா?"

"இல்லைங்க பாய். அந்த வீட்ல... யாராவது..."

"மௌத்தா போனாங்களான்னு கேக்குறீங்களா? இங்க இருக்குற மரம் பூரா யாராவது செத்த வீட்டு மரம்தாம்மா. அதையெல்லாம் பாத்தா நான் கடைய மூடிட்டு வீட்ல படுத்துக்கணும்." பிறகு என் முகத்தைப் பார்த்துக் குரலைக் குறைத்தார். "அந்த வீட்ல அப்படி ஒண்ணும் இல்லை. அந்த ஐயரு ஆஸ்பத்திரில கெடந்தாரு. அந்தம்மாதான் நின்னு வித்தாங்க. சங்கிலிய அவங்க கையாலயே சுருட்டி கட்டிக் குடுத்தாங்க." அவர்கள் குடிபோன பிளாட் தெற்கு வாசல் பக்கம் எங்கே இருக்கிறது என்று வழியும் சொன்னார்.

முதல் தடவை போனபோது ராஜகோபுரம் நிறுத்தத்தில் இறங்கி, அந்தத் தெருவரை நடந்து, பிளாட் வாசலைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். இரண்டாம் தடவை படியேறி, அழைப்பு மணியில் விரல் வைத்து, அழுத்தாமல் இறங்கி வந்தேன். என்ன சொல்லிக் கேட்பது? அன்று அம்மா மண்டபத்துப் படித்துறையில் உட்கார்ந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து மாடிக்குப் போனால், தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே தொட்டி சாய்ந்து, யாரையோ எதிர்பார்ப்பது போல் காத்திருந்தது.

மூன்றாம் தடவை மணியை அழுத்திவிட்டேன்.

கதவை ஒரு மாமி திறந்தார். மெலிந்த உடம்பு, தோளில் ஈரத்துண்டு, கையில் ஒரு வேஷ்டி. முகத்தில் பல நாள் தூக்கம் பாக்கி.

"யாரு?"

"மாமி, ஊஞ்சல்... பழைய மரக்கடைல வாங்கின பலகை..."

"ஊஞ்சலா? அதான் வித்தாச்சே. ஏதாவது உடைஞ்சிருக்கா? நான் ஒண்ணும் பண்ண முடியாதும்மா, என்கிட்ட..."

அவர் முடிக்கும் முன், உள்ளே இருந்து ஒரு குரல் வந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட குழறிய குரல்தான். ஆனால் எனக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது.

"தண்ணி ஊத்தற பொண்ணு வந்துட்டாளா? இன்னிக்கு வேண்டாம்னு சொல்லு."

மாமி திரும்பி, "யாரும் இல்லை, கேட்டேளா! இது வேற யாரோ" என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டு என்னிடம், "அவர் இப்படித்தான் எதையாவது சொல்லிண்டே இருப்பார். உள்ள வா" என்றார்.

ஹால் முழுவதையும் ஒரு கட்டில் அடைத்திருந்தது. அதில் ஒரு பெரியவர் மல்லாந்து கிடந்தார். வாதம் வந்து கைகால் விழுந்துவிட்டது என்றார் மாமி. தலை மட்டும் திரும்பி என்னைப் பார்த்தது. அவர் கட்டிலில் படுத்திருந்த விதத்தைப் பார்த்தேன். அவ்வளவு இடம் இருந்தும் இடது ஓரமாக ஒண்டியிருந்தார்.

மாமி என் கையைப் பிடித்துச் சமையலறைக்கு அழைத்துப் போய், நான் கேட்காமலே பேசினார். பேச ஆள் கிடைக்காதவர்கள் பேசுவது போல் பேசினார்.

"விளக்கு வெச்சா போறும், ஆரம்பிச்சுடுவார். வேஷ்டியெல்லாம் ஈரம், ஈரம்பார். ஓடி வந்து தொட்டுப் பாத்தா பொட்டுத் தண்ணி இருக்காது. ஆனாலும் மாத்தித்தான் ஆகணும், இல்லேன்னா அழறார். அப்புறம் மண்ணு குத்தறதுங்கறார். எறும்பு ஊர்றதுங்கறார். எல்லாத்தையும் உதறிக் காமிச்சாச்சு. இப்போ புதுசா ஒண்ணு, புதினா மணக்கறதாம். ஏண்டிம்மா, எங்காத்துல புதினா வாங்கினதே கிடையாது. இவருக்கு அந்த வாசனை எப்படித் தெரியும்?"

நான் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"பெங்களூர்ல பொண்ணு இருக்கா. 'அம்மா, நீ போயிடுவே போலிருக்கு, அப்பாவை ஒரு ஹோம்ல சேத்துடலாம்'ங்கறா. அவ சொல்றதும் நியாயந்தான். வர திங்கக்கிழமை வரா. ஹோம்காராளும் வந்து பாக்கறேன்னிருக்கா. நான் என்ன பண்ணுவேன்? ராத்திரி பகல் கண்ணை மூடலை. சரின்னு சொல்லிட்டேன்." ஈரத்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவர்கிட்ட இன்னும் சொல்லலை."

"மாமி, அந்தப் பலகையைத் திருப்பிக் கொண்டுவந்து குடுத்துடறேன்" என்றேன். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

"அதை இங்க எங்க மாட்டறது? பிளாட்காரா சீலிங்ல கொக்கி போடப்படாதுன்னுட்டா. படுத்துண்டிருக்கறவருக்கு ஊஞ்சல் எதுக்கு? அவர் கேக்கக்கூட இல்லை. எப்படிக் கேப்பார், அவர்தான் அதுலயே உக்காண்டிருக்கறதா நினைச்சிண்டிருக்காரே." சொல்லிவிட்டுத் தன் தொலைபேசி எண்ணைக் கொடுத்தார். எதற்குக் கொடுத்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. வாசலுக்கு வரும்போது அந்தப் பெரியவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் இல்லை. பஸ்ஸில் நம் காலை மிதித்துக்கொண்டிருப்பவரை, தெரியாமல்தான் மிதிக்கிறார் என்று தெரிந்து பார்ப்போமே, அப்படி ஒரு பார்வை.

வீட்டுக்கு வந்ததும் பையைக்கூடக் கீழே வைக்காமல் மாடிக்குப் போய்ப் புதினாவைப் பிடுங்க ஆரம்பித்தேன். கணவர் பின்னால் வந்தார்.

"என்னாச்சு உனக்கு? நல்லா வர்ற செடிய ஏன் பிடுங்குற?"

சொன்னேன். எனக்குத் தெரிந்து அவரிடம் நான் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை. அவர் அளக்கவில்லை, கேலி செய்யவில்லை. தொட்டியின் இடது பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கீழே போய்ச் சாக்கும் ஆணி பிடுங்கும் சுத்தியலும் எடுத்துவந்தார். மண்ணை அள்ளினோம். பெட்டிப் பலகைகளைக் கழற்றினோம். ஒவ்வொரு ஆணியையும் பிடுங்கும்போது அவர் அந்த இடத்தை விரலால் தடவிவிட்டார், ஊசி போட்ட இடத்தைத் தடவுவது மாதிரி. ஈரத்துணியால் துடைக்க வேண்டாம் என்றேன். காய்ந்த துணியால் மட்டும் துடைத்தோம்.

அடுத்த நாள் விடுப்பு எடுத்தேன். தேக்குத் துண்டுகளில் முளைகள் செதுக்கி, நான் போட்ட ஓட்டைகள் ஒவ்வொன்றையும் அடைத்து, மட்டமாகத் தேய்த்தேன். வெயில் ஏறியதும் பலகைக்கு எண்ணெய் பூசினேன். மர நிறம் திரும்பி வந்தது. அந்தக் குழியில் மட்டும் எண்ணெய் கேட்கவில்லை. அது முன்பே வழவழப்பாகத்தான் இருந்தது.

சாயங்காலம் வெறும் பலகை தொங்கியது. விளக்கு வைக்கிற நேரம் 'கிர்ர்' என்றது. இடது பக்கம் இறங்கியது. இப்போது மண் இல்லை, தண்ணீர் இல்லை, செங்கல் இல்லை. வெறும் மரம். கணவர் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவர் கால் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார்.

எனக்குப் போன் பேசவே பிடிக்காது. இருந்தாலும் மாமிக்குப் போட்டேன்.

"யாரு, ஊஞ்சல்காரியா?" என்றார். குரல் மாறியிருந்தது. "நீ வந்துட்டுப் போனியே, நேத்து ராத்திரிலேர்ந்து ஈரம்ங்கலை. இன்னிக்கு வேஷ்டி மாத்தலை. என்னடி பண்ணினே?"

"செடியை எடுத்துட்டேன் மாமி."

எந்தச் செடி என்று மாமி கேட்கவில்லை. மெதுவாக, "புதினாவா?" என்றார்.

"ஆமாம் மாமி."

பின்னால் அந்தக் குழறிய குரல் கேட்டது. மாமி எனக்காக அதைத் திருப்பிச் சொன்னார். "ஓட்டையெல்லாம் அடைச்சாச்சு, இப்ப காத்து குத்தலைங்கறார். ஆனா சும்மாவே நிக்கறதேங்கறார். யாராவது ஆட்டி விடுங்கோங்கறார்."

நான் கணவரைப் பார்த்தேன். ஆளில்லாத ஊஞ்சலை ஆட்டக் கூடாது என்று அவர் அம்மா மட்டுமா சொன்னார்? எல்லா வீட்டிலும் சொல்வார்கள். நானும் சின்ன வயதில் அதற்காக முதுகில் அடி வாங்கியிருக்கிறேன். அவர் தலையை அசைத்தார்.

ஒரு கையில் போனைக் காதில் வைத்துக்கொண்டு, மறுகையால் பலகையின் விளிம்பைத் தள்ளினேன். லேசாகத்தான் தள்ளினேன். கனமாக இருந்தது. வெறும் பலகையின் கனம் எனக்குத் தெரியும், அவரோடு சேர்ந்து அதைத் தூக்கி மாட்டியவள் நான். இது அந்தக் கனம் இல்லை. கிர்ர், கிர்ர் என்று போய் வந்தது.

"இருடி" என்றார் மாமி. மூச்சு வாங்கியது அவருக்கு. "கண்ணை மூடிண்டார்." பிறகு, "அவர் கால்... வலது காலு, விழுந்து போன காலு. கட்டைவிரல் அசையறது. தரைல உந்துவார் பாரு, அப்படி உந்தறார்."

நான் ஆட்டிக்கொண்டே இருந்தேன். மாமி போனை வைக்கவில்லை. மாடியில் கேட்ட சங்கிலிச் சத்தம் போனுக்குள்ளும் கொஞ்சம் தள்ளிக் கேட்பது மாதிரி இருந்தது. என் போனில் பட்டுத் திரும்பிய சத்தம்தான் என்றார் கணவர் பிறகு. இருக்கலாம். அந்தப் பெரியவர் அன்று விடியும்வரை தூங்கினார். மாமியும் தூங்கினார்.

திங்கட்கிழமை வந்தது. வேலையில் ஒன்றும் ஓடவில்லை. முதியோர் இல்லத்துக்காரர்கள் வந்திருப்பார்களா, மாமியின் பெண் என்ன முடிவு செய்திருப்பாள் என்ற நினைப்பிலேயே பெட்டிகளில் ஸ்டிக்கரைத் தலைகீழாக ஒட்டிக்கொண்டிருந்தேன். போன் போட்டுக் கேட்கத் துணிவு வரவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், எங்கள் வீட்டு வாசலில் ஆட்டோவிலிருந்து மாமி இறங்கிக்கொண்டிருந்தார். பாய் கடையில் விசாரித்துக்கொண்டு வந்தாராம்.

"பொண்ணு அவர் பக்கத்துல இருக்கா. ஹோம்காராளை நாளைக்கு வரச் சொல்லியிருக்கா. இப்போ நன்னா இருந்தா மட்டும் போறுமா, நாளைக்கு மறுபடியும் ஆரம்பிச்சா நீ என்ன பண்ணுவேங்கறா. அவா வரதுக்கு முன்னாடி ஒரு தடவை அதைப் பாத்துடணும்னு தோணித்து." படியேறும்போதே சொன்னார்.

மாடியில் அவர் கொட்டகைக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். விளக்கு வைக்கிற நேரம். பலகை ஏற்கெனவே இடது பக்கம் சாய்ந்திருந்தது. மாமி அதைப் பார்த்தார். பயப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் இருந்தது பயம் இல்லை, சலிப்பு. பல வருஷம் பழகிய சலிப்பு.

"அங்கதான் உக்காருவார். இந்தப் பக்கம் வெத்தலைப் பெட்டி. காப்பி கொண்டா, தீர்த்தம் கொண்டா, பேப்பர் கொண்டா. எல்லாம் அங்க உக்காண்டபடியே. வேலையை முடிச்சுட்டு வந்து நான் கீழ தரைல உக்காருவேன். ஒரு நாள்கூட வா, உக்காருன்னதில்லை. நானும் கேட்டதில்லை." சங்கிலியைத் தொட்டார். "ஆஸ்பத்திரில இருக்கறச்சே இதை முதல்ல வித்தேன். இனிமே எதுக்குன்னு சொன்னேன் எல்லார்கிட்டயும். உள்ளுக்குள்ள என்ன இருந்ததுன்னு பெருமாளுக்குத்தான் தெரியும்."

அப்போது அவர் இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. மகள். அவள் பேசியது பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

"அம்மா, சீக்கிரம் வா. அப்பா தானா நகர்றார்மா! யாரும் தொடலை. கட்டில்ல ஓரமா நகந்துண்டே இருக்கார், விழுந்துடப் போறார்னு பிடிச்சுண்டிருக்கேன். கேட்டா, 'நிக்கறாளே, இடம் விட வேண்டாமா'ங்கறார். யாரும்மா நிக்கறா? இங்க நான் மட்டுந்தான் இருக்கேன். அதுவும் உக்காண்டிருக்கேன்."

மாமி பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். சங்கிலி கிர்ர் என்றது. இடது பக்கம் இன்னும் கொஞ்சம் இறங்கியது. ஒருவர் ஓரத்துக்கு ஒதுங்கினால் எவ்வளவு இறங்குமோ அவ்வளவு.

"பயப்படாதே, விழ மாட்டார்" என்றார் மாமி போனில். நிதானமான குரல். "அந்த ஹோம்காராளைக் கூப்பிட்டு வர வேண்டாம்னு சொல்லிடு. ஆமாம், நாளைக்கும் வேண்டாம். அப்புறமும் வேண்டாம். நான் பாத்துக்கறேன்."

போனை மறுபடி இடுப்பில் செருகினார். புடவையை ஒதுக்கிக்கொண்டு, பலகையின் வலது பக்கம் மெல்ல உட்கார்ந்தார். சாய்ந்திருந்த பலகையில் ஒருவர் வலது ஓரத்தில் உட்கார்ந்தால் அது வலது பக்கம்தான் தாழ வேண்டும். என் கணவர் இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பார். இடது பக்கம் மெதுவாக ஏறி, பலகை சமமாக வந்து நின்றது. ரசமட்டம் வைத்தால் குமிழி நடுவில் நிற்கும்.

மாமி தன் இடது கையைப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் வைத்தார். பலகையில் படவில்லை அந்தக் கை. கொஞ்சம் உயரத்தில், எதன்மேலோ இருந்தது.

"ஆட்டட்டுமா மாமி?" என்றேன்.

"மெதுவா" என்றார். "அவருக்குத் தலை சுத்தும்."